ரத்தம் ஏற்றும் முன்

புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்ததும் குடும்பத்தார் இறங்கும் முதல் வேலைகளில் ஒன்று, ரத்தம் கொடுக்க ஆள் தேடுவது. அண்ணன் மகன், அலுவலக நண்பர், தெருமுனைக் கடைக்காரர் என்று யார் யாரோ வந்து கை நீட்டிப் படுக்கிறார்கள். வேறெந்த மருந்தும் இத்தனை அன்போடு நோயாளியிடம் வந்து சேர்வதில்லை. அதனாலேயே ரத்தத்தை மருந்தாக நினைக்க நமக்குத் தோன்றுவதில்லை. வரமாக நினைக்கிறோம், வரத்தை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ஏற்றும் ரத்தம், கத்திக்குத் தப்பிய புற்றுச் செல்களுக்கும் துணைபோகுமோ என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு விதை விழுந்தது சிறுநீரக மாற்று சிகிச்சையில். முன்பே ரத்தம் ஏற்றிக்கொண்ட நோயாளிகளிடம் மாற்றுச் சிறுநீரகம் நன்றாக நிலைக்கிறது என்று 1973இல் அமெரிக்காவில் கெர்ஹார்ட் ஓபெல்ஸ், பால் தெராசாகி குழுவினர் எழுதினார்கள். அந்நிய ரத்தம் உடலின் காவலைக் கொஞ்சம் தளர்த்திவிடுகிறது என்பது அதன் உட்பொருள். சிறுநீரகம் பெற்றவருக்கு அது நல்ல சேதி. புற்றுநோயாளிக்கு? அந்நியச் சிறுநீரகத்தைக் கண்டும் காணாமல் விடும் உடல், தடம் மாறிய தன் செல்லையும் அப்படியே விட்டுவிடலாமே! 1981இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இந்த ஐயம் ஒரு கடிதமாக வெளியானது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களில், ரத்தம் ஏற்றப்பட்டவர்களுக்கே நோய் அதிகமாகத் திரும்பியது என்று அடுத்த ஆண்டே அதே இதழில் பரோஸ், டார்ட்டர் இருவரும் எழுதினார்கள்.

ஐயத்துக்கு அடிப்படை உண்டு. ரத்தப் பையில் சிவப்பணுக்கள் மட்டும் இருப்பதில்லை. கொடுத்தவரின் வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் மிச்சமிருக்கும். பை குளிர்பெட்டியில் இருக்கும்போது அவற்றிலிருந்து பலவகைப் புரதங்கள் கசியும். புது ரத்தக் குழாய்கள் முளைக்கத் தூண்டும் புரதமும் அவற்றில் ஒன்று. சிவப்பணுக்களை 42 நாள்வரை வைத்திருக்கலாம் என்றாலும், நாளாக ஆக அவை நெகிழ்வு இழந்து உடையத் தொடங்கும். புற்றுநோய் பரவுவதைக் கூட்டியவை நாள்பட்ட சிவப்பணுக்களே என்று 2008இல் வெளியான இஸ்ரேலிய எலி ஆய்வு ஒன்று சொன்னது. அறுவை சிகிச்சையின் அதிர்ச்சியே புற்றுச் செல்லை வேட்டையாடும் அணுக்களைச் சோர்வடையச் செய்கிறது. அதே வேளையில்தான் ரத்தமும் ஏறுகிறது.

இதோடு நிறுத்தினால் தீர்ப்பு எளிது. ஆனால் ரத்தம் யாருக்கு ஏற்றுகிறார்கள்? கட்டி பெரிதாக இருப்பவருக்கு, அறுவை நெடுநேரம் நீண்டவருக்கு, முன்பே ரத்தசோகையால் வாடியவருக்கு. குடை பிடித்துப் போனவர்களே அதிகம் நனைந்து வந்தார்கள் என்றால் பழி குடையின்மேலா, மழையின்மேலா? 1993இல் வெளியான ஆய்வில் நெதர்லாந்து மருத்துவர்கள் இதைச் சோதித்த விதம் அழகானது. பெருங்குடல் புற்றுநோயாளிகளில் ஒரு சாராருக்கு முன்கூட்டியே எடுத்து வைத்த அவரவர் ரத்தத்தையும், மறு சாராருக்குப் பிறர் ரத்தத்தையும் தந்தார்கள். நோய் திரும்புவதில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ரத்தமே தேவைப்படாதவர்களைவிட இரு சாராருக்குமே நிலைமை மோசமாக இருந்தது. ரத்தம் வேண்டிவந்த நிலைமையே ஓர் அபாய அறிகுறி என்றுதான் இதற்குப் பொருள்.

2006இல் 36 ஆய்வுகளின், 12,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தபோதும், பெருங்குடல் புற்றுநோய் திரும்புவதற்கும் ரத்தம் ஏற்றியதற்கும் தொடர்பு தெரிந்தது. ஆனால் அதுவே காரணம் என்று எழுத அந்த ஆய்வாளர்களின் பேனா துணியவில்லை. கொடுத்தவரிடம் ஒளிந்திருக்கும் புற்றுநோய் பெறுபவருக்குத் தொற்றுமோ என்ற இன்னொரு பயத்துக்கு மட்டும் தெளிவான பதில் கிடைத்திருக்கிறது. சுவீடன், டென்மார்க் நாடுகளின் பதிவேடுகளைக் கொண்டு 2007இல் வெளியான ஆய்வில், பின்னாளில் புற்றுநோய் கண்டவர்களின் ரத்தத்தைப் பெற்றவர்களுக்குக் கூடுதல் ஆபத்து எதுவும் தென்படவில்லை.

ஐயம் இருக்கிறதே, குறைத்துக்கொள்வோம் என்றால் அதுவும் நேர்கோடாக இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே போனால் மட்டும் ரத்தம் ஏற்றினால் போதும், பத்துக்குக் கீழே போனதுமே ஏற்ற வேண்டியதில்லை என்று 1999இல் வெளியான கனடா ஆய்வு காட்டியது. பிரேசிலில், பெரிய புற்றுநோய் அறுவை முடிந்து தீவிர சிகிச்சையில் இருந்தவர்களிடம் இதைச் சோதித்தார்கள்; முடிவு 2015இல் வெளியானது. அங்கே 7 வரை காத்திருந்தவர்களைவிட, ஒன்பதிலேயே ரத்தம் பெற்றவர்கள் நன்றாகத் தேறினார்கள். ரத்தம் வேண்டாம், அதை உடலிலேயே ஊறச் செய்யும் ஊசி போதும் என்றாலும் தப்ப முடியாது. சில புற்றுநோய்களில் அவ்வகை ஊசிகள் நோயாளியின் ஆயுளைக் குறைத்ததால், 2007இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கை விடுத்தது.

இத்தனைக்கும் நடுவே தெளிவாகத் தெரிவது ஒன்றுதான். உடலின் காவல் தளர்வது சிறுநீரகத்துக்கு நட்பு, புற்றுநோய்க்கும் நட்பு. ஒரே ரத்தம் உயிரைப் பிடித்து நிறுத்துகிறது. தேவையில்லாத இடத்தில் வீண் ஆபத்தாகிறது. எந்தப் பொருளும் தன்னளவில் நன்மையோ தீமையோ ஆகிவிடுவதில்லை. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதிலே அதை மருந்தாக்குகிறது. கொடுப்பவரின் அன்பு எவ்வளவு தூயதாக இருந்தாலும் இந்தக் கேள்வியிலிருந்து விலக்கு இல்லை. அன்பு அளவு பார்ப்பதில்லை. மருத்துவம் பார்த்தே ஆக வேண்டும்.

ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் ரத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். ரத்தப் புற்றுநோய் சிகிச்சை அது இல்லாமல் பெரும்பாலும் நடக்காது. அறுவை மேஜையில் பெருக்கெடுக்கும் ரத்தப்போக்குக்கு வேறு மாற்று இல்லை. ஆனால், “ஒரு பாட்டில் ஏத்துனா தெம்பு வந்துடும் டாக்டர்” என்று நாமாகக் கேட்பதை விட்டுவிடலாம். அறுவைக்கு நாள் இருக்கும்போதே ரத்தசோகையைக் கண்டுபிடித்து, இரும்புச்சத்து கொடுத்துச் சரிசெய்ய முடியுமா என்று கேட்கலாம். அவசரம் இல்லாதபோது ஒரு யூனிட் ஏற்றியபின் பரிசோதித்துவிட்டு அடுத்ததைத் தீர்மானிக்கலாமா என்று கேட்கலாம். ஏற்றியே ஆக வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் தயங்காமல் கை நீட்டுங்கள். ரத்தம் கொடுப்பவர்களும் நிறுத்திவிடாதீர்கள்: தேவையில்லாத இடத்தில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும், அது இல்லாமல் பிழைக்கவே முடியாத ஒருவருக்குப் போய்ச் சேரட்டும்.