செய்தி வந்தால் தீர விசாரியுங்கள்: பருவநிலை மாற்றமும் நம் பிள்ளைகளும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பிற்குரிய சகோதரர்களே! அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் வஸிய்யத் செய்கிறேன்.

பருவநிலை மாற்றம் என்ற பேச்சு வந்ததும், "எல்லாம் மேற்கத்தியர்களின் சூழ்ச்சி, ஊடகங்கள் கட்டிவிட்ட கதை" என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒரு காணொளியை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தலைப்புச் செய்தியை மட்டும் படித்துவிட்டு, உலகம் இதோ முடியப்போகிறது என்று நடுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த இரு தரப்பினருமே விசாரிக்கவில்லை.

ஹுஜுராத் அத்தியாயத்தின் 6வது வசனம், தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு கட்டளையிடுகிறது. இது இறங்கிய பின்னணியைத் தஃப்ஸீர் நூல்கள் சொல்கின்றன. ஜகாத் வசூலிக்க வலீத் பின் உக்பா, பனூ முஸ்தலிக் கூட்டத்தாரிடம் அனுப்பப்பட்டார். வரவேற்பதற்காக அவர்கள் ஊருக்கு வெளியே திரண்டு வந்தார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்துப் பயந்துபோய் அவர் பாதியிலேயே திரும்பி, அவர்கள் ஜகாத்தைத் தர மறுத்துவிட்டார்கள், என்னைக் கொல்லவும் வந்தார்கள் என்று சொல்லிவிட்டார். படை புறப்படும் அளவுக்கு நிலைமை போனது.

கொஞ்சம் சிந்தியுங்கள். வலீத் ஒரு கூட்டத்தைப் பார்த்தது உண்மை. அந்தக் கூட்டத்துக்கு அவர் கொடுத்த அர்த்தம்தான் தவறு. ஊடகச் செய்திகளிலும் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

2018 அக்டோபரில் ஐ.நா.வின் பருவநிலைக் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. வெப்பநிலை உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த வேண்டுமானால், 2010இல் இருந்த கரியமில வாயு வெளியேற்றத்தை 2030க்குள் ஏறத்தாழ 45 சதவீதம் குறைக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. அது பல ஊடகங்களில் "உலகைக் காப்பாற்ற இன்னும் 12 ஆண்டுகளே" என்று மாறியது. அறிக்கை சொன்னது ஒன்று, மக்கள் காதில் விழுந்தது வேறொன்று.

2022இல் பாகிஸ்தானில் வெள்ளம் வந்தது. 1,700க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். 3 கோடியே 30 லட்சம் மக்கள் பாதிக்கப்பட்டார்கள். நாட்டின் மூன்றில் ஒரு பங்கு நீரில் மூழ்கிவிட்டது என்று உலகமெங்கும் செய்தி போனது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிட்டபோது அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். நடந்ததே தாங்க முடியாத துயரம், அதைக் கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? கூட்டிச் சொன்னதால், மறுப்பவர்களுக்கு நாமே ஒரு ஆயுதத்தை எடுத்துக் கொடுக்கிறோம்.

ஆனால் இதை வைத்து "பார்த்தீர்களா, எல்லாம் பொய்" என்று எழுந்துவிடாதீர்கள். சந்தேகப்படுகிறவர், தன் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்பதையும் விசாரிக்க வேண்டுமல்லவா? எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகள் 1970களின் இறுதியிலிருந்தே பூமி சூடாவதைக் கணித்து வந்தார்கள். அந்தக் கணிப்புகளில் பெரும்பாலானவை சரியாக அமைந்தன என்று 2023இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. வெளியே அந்த நிறுவனம் பல ஆண்டுகள் சந்தேகத்தையே பரப்பியது. யாருக்கு லாபமோ அவர் கொண்டுவரும் செய்தியைத்தானே முதலில் தீர விசாரிக்க வேண்டும்?

கேள்விப்பட்டதையெல்லாம் பேசித் திரிவதே ஒருவரைப் பொய்யராக்கப் போதுமானது என்ற கருத்தில் நபிமொழி முஸ்லிமில் இருக்கிறது. ஃபார்வர்டு பட்டனை அழுத்துவதும் பேச்சுதான்.

இளைஞர்கள் விஷயத்துக்கு வருவோம். 2018 ஆகஸ்டில் 15 வயது கிரேட்டா துன்பர்க் ஸ்வீடன் நாடாளுமன்றத்தின் முன் பதாகையோடு உட்கார்ந்தார். உலக ஊடகங்கள் அவருடைய முகத்தையே முழு விவகாரமாக்கின. ஒரு சாரார் தூக்கி வைத்துக் கொண்டாட, இன்னொரு சாரார் அவர் வயதையும் முகபாவத்தையும் ஏளனம் செய்தார்கள். 2020 ஜனவரியில் டாவோஸில் ஐந்து இளம்பெண்கள் சேர்ந்து நின்ற படத்தை ஏ.பி. செய்தி நிறுவனம் வெளியிட்டபோது, உகாண்டாவைச் சேர்ந்த வனெசா நகாட்டே அதிலிருந்து வெட்டப்பட்டிருந்தார். மற்ற நால்வரும் வெள்ளையர்கள். பிறகு அந்த நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. அதே போல 2022 அக்டோபரில் லண்டனில் வான்கோ ஓவியத்தின் மீது இரு பெண்கள் சூப்பை வீசியதும் உலகச் செய்தியானது. அதை நான் சரி என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நாளிலும் சிந்து மாகாணத்தின் பல ஊர்களில் வெள்ளநீர் வடியாமல் தேங்கி நின்றது. அதை எத்தனை பேர் காட்டினார்கள்?

பெரியவர்களே, இளைஞர் சொன்னார் என்பதற்காக ஒரு விஷயத்தைத் தள்ளிவிடாதீர்கள். இப்ராஹீம் (அலை) அவர்களைப் பற்றி அவர்களுடைய சமுதாயம், யாரோ ஓர் இளைஞன் நம் சிலைகளைக் குறை பேசுகிறானாம் என்றுதான் பேசிக்கொண்டது. அன்பியா அத்தியாயம் அதைச் சொல்லிக் காட்டுகிறது. உஸாமா (ரலி) அவர்களைத் தளபதியாக்கியபோது சிலர் குறை சொன்னார்கள். நபி (ஸல்) அவர்கள் உஸாமாவுக்காகப் பேசினார்கள்.

எனக்குக் கவலையெல்லாம் வேறொன்றில். 2021இல் 'லான்செட்' குழும இதழ் ஒன்றில் வந்த ஆய்வில், இந்தியா உட்பட 10 நாடுகளின் 16 முதல் 25 வயது வரையுள்ள 10,000 பேரிடம் கேட்டார்கள். எதிர்காலம் பயமுறுத்துகிறது என்று 75 சதவீதம் பேர் சொன்னார்கள். மனிதகுலம் அழிந்தே போகும் என்று பாதிக்கும் மேற்பட்டோர் கருதினார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் அந்த வயதில்தானே இருக்கிறார்கள்? அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழப்பதை யூசுஃப் அத்தியாயம் எவ்வளவு கடுமையாகச் சொல்கிறது! கியாமத் நாள் வந்துவிட்டாலும், கையில் இருக்கும் கன்றை நட முடிந்தால் நட்டுவிடச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். முஸ்னத் அஹ்மதில் இந்தச் செய்தி வருகிறது. பயந்துபோயிருக்கும் பிள்ளையை "போடா, எல்லாம் சும்மா" என்று விரட்டாமல், கையில் ஒரு வேலையைக் கொடுங்கள்.

வேலைக்கு எங்கும் போக வேண்டாம். ஓடும் ஆற்றிலும் தண்ணீரை வீணாக்காதே என்ற ஹதீஸை நாம் அடிக்கடி சொல்கிறோம். அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டு என்று அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள், இதையும் விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு, அதாவது சராசரி மனிதரின் இரு கைகளும் சேர்ந்து அள்ளும் அளவுத் தண்ணீரில் உளூ செய்ததாக புகாரியிலும் முஸ்லிமிலும் ஆதாரபூர்வமாக வருகிறது. நம் பள்ளிவாசல் குழாயில் ஒருவருக்கு எவ்வளவு போகிறது? அடுத்த ஜும்ஆவுக்குள் வாளி வைத்து அளந்து பாருங்கள். அளக்கும் வேலையை உங்கள் பிள்ளையிடம் விடுங்கள். அவன் கொண்டுவரும் கணக்கை உட்கார்ந்து கேளுங்கள்.

பாரகல்லாஹு லீ வலகும்.