ஒரு சுற்றுக்கு 52 சென்டிமீட்டர்

ஆவுடையார்கோவிலில் கம்ப்யூட்டர் ஆட்டங்களில் மவுஸ் பிடித்துச் சுடுகிறவர்கள் சொற்பம். கடைத்தெருவிலும் பஸ் ஸ்டாண்டிலும் பிள்ளைகள் ஆடுவதெல்லாம் போனில்தான். பிஜிஎம்ஐ, இல்லையென்றால் ஃப்ரீ ஃபயர். "உன் சென்சி என்னடா?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். சென்சி என்பது சென்சிட்டிவிட்டி, கையின் அசைவுக்கு ஆட்டத்தில் பார்வை எவ்வளவு திரும்பும் என்ற அளவு. ரெட் டாட் ஸ்கோப்புக்கு ஓர் எண், 4எக்ஸ் ஸ்கோப்புக்கு வேறோர் எண், போனைச் சாய்த்துக் குறிபார்க்கும் கைரோவுக்குத் தனிப் பட்டியல். நன்றாக ஆடுகிறவனின் எண்களை மற்றவன் பிசகாமல் தன் போனில் ஏற்றிக்கொள்கிறான். போனின் அகலம் வேறு, கட்டைவிரல் வேறு, பிடிக்கிற விதம் வேறு. இரண்டு நாள் ஆடிப்பார்த்துவிட்டு அந்த எண்ணை வைகிறான்.

எண்ணின் மேல் குற்றமில்லை. எதை அளந்த எண் என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

*

தங்கை மகன் லீவுக்கு வந்திருந்தபோது கேட்டான்: "மாமா, சிஎஸ்ல ஒண்ணு வச்சு ஆடுறேன். வாலரன்ட்லயும் ஒண்ணுதான் வச்சேன். லேசா அசைச்சாலே முதுகுப் பக்கம் திரும்பிருது."

அவன் சொன்னதில் மிகை இல்லை. 800 டிபிஐ மவுஸில், சிஎஸ் என்கிற கவுன்டர் ஸ்ட்ரைக்கில் சென்சி 1 என்று வைத்தால், ஆள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவரக் கை 52 சென்டிமீட்டர் நகர வேண்டும். வாலரன்டில் அதே 1 வைத்தால் 16 சென்டிமீட்டர் போதும். ஒரு சாண்கூட இல்லை.

மவுஸுக்குப் பாகை தெரியாது. ஓர் அங்குலம் நகர்ந்தால் 800 துடிப்பு அனுப்பும். அதோடு அதன் வேலை முடிந்தது. ஒரு துடிப்புக்கு எவ்வளவு திரும்புவது என்பது ஆட்டத்தைச் செய்தவர்களின் முடிவு. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் அது 0.022 பாகை. 1996-ல் வந்த க்வேக் ஆட்டத்தின் எண் அது. க்வேக்கின் எஞ்சினை எடுத்துத் திருத்தி 1998-ல் ஹாஃப்-லைஃப் வந்தது. ஹாஃப்-லைஃபின் மேல் ரசிகர்கள் கட்டியது கவுன்டர் ஸ்ட்ரைக். அதே வம்சத்தில் 2019-ல் வந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸிலும் 0.022 அப்படியே இருக்கிறது. கை மாறாமல், எண் மாறாமல் போய் ஆடலாம். வாலரன்ட் வேறு குடும்பம், அங்கே 0.07. ஓவர்வாட்ச்சில் 0.0066.

இந்த எண்கள் ஆட்டத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில் கண்ணில் படாது. ஸ்லைடர் மட்டும்தான் தெரியும். எங்கள் ஊர்க் கோயிலிலும் இப்படித்தான்: ஆத்மநாதர் சந்நிதியில் லிங்கம் கிடையாது, அதன் பீடமான ஆவுடை மட்டும். வெளியூர்க்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு "சாமி எங்கேங்க?" என்று கேட்பார்கள். இங்கே வளர்ந்தவனுக்கு அந்தக் கேள்வி தோன்றுவதில்லை.

*

கணக்கு சின்னது. 0.07-ஐ 0.022-ஆல் வகுத்தால் 3.18. சிஎஸ் எண்ணை 3.18-ஆல் வகுத்தால் வாலரன்ட் எண். 1 என்பது 0.314 ஆகிறது. ஓவர்வாட்ச்சுக்குப் பெருக்க வேண்டும்: 3.33.

0.314 என்பது சரியாக வெட்டப்பட்ட எண் இல்லை. கடைசியில் கொஞ்சம் தொங்குகிறது. அதனால் வரும் பிசகு ஒரு முழுச் சுற்றுக்கு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. நான்காவது, ஐந்தாவது தசமத்துக்கு மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். மவுஸ்பேடில் உட்காரும் தூசி அதைவிடப் பெரிய வித்தியாசம் செய்யும்.

2020 ஜூனில் வாலரன்ட் வெளிவந்தபோது இந்தியாவில் சிஎஸ் ஆடிக்கொண்டிருந்த பலர் அதற்கு மாறினார்கள். ஸ்க்ராஸி என்ற பெயரில் ஆடும் கணேஷ் கங்காதரும் அப்படி வந்தவர்தான். சிஎஸ்ஸில் பழகிய கையை வாலரன்டுக்குக் கொண்டுபோகிற எவருக்கும் இந்த ஒரு வகுத்தல்தான் வழி.

*

திருச்சி, தஞ்சைப் பக்கத்துப் பழைய கோயில்களில் சுவரின் அடிப்பகுதியில் நீளமாக ஒரு கோடு வெட்டி, இரண்டு முனையிலும் குறி போட்டிருப்பதைப் பார்க்கலாம். நிலம் அளக்கும் கோல் அது. பன்னிருசாண் கோல், பதினாறுசாண் கோல், பதினெட்டுச்சாண் கோல் என்று கல்வெட்டுகளில் பல உண்டு. ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் ஒரு குழி. ஆகவே பதினாறுசாண் கோலால் அளந்த 100 குழி, பன்னிருசாண் கோலால் அளந்த 100 குழியைப்போல ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்கு. குழிக் கணக்கை எழுதியவர்கள் எந்தக் கோலால் என்பதையும் சேர்த்து எழுதினார்கள். சந்தேகம் வந்தால் சுவரில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆட்டக்காரர்களுக்கும் அப்படி ஒரு சுவர் உண்டு. ஒரு முழுச் சுற்றுக்கு இத்தனை சென்டிமீட்டர் என்பதே அது. "என் சென்சி 0.4" என்பவனிடம் டிபிஐ என்ன, எந்த ஆட்டம் என்று கேட்காமல் ஒன்றும் தெரியாது. "எனக்கு 40 சென்டிமீட்டர்" என்பவனிடம் கேட்க வேறொன்றும் இல்லை.

*

கணக்கை நம்பாதவர்கள் பள்ளிக்கூட ஸ்கேலை எடுக்கலாம். எதிரி இல்லாத பயிற்சிக் களம். கிராஸ்ஹேரை ஒரு சுவரின் விளிம்பில் பொருத்து. மவுஸின் இடது ஓரத்தை மவுஸ்பேடின் இடது ஓரத்துக்குக் கொண்டுவந்து, தூக்காமல், வலப்பக்கமாக நகர்த்து. பின்பக்கச் சுவர் வருகிறது, போகிறது, பழைய விளிம்பு திரும்ப வருகிறது. அதுவரை மவுஸ் நகர்ந்த தூரத்தை ஸ்கேலால் அளந்துகொள். பேட் போதாவிட்டால் அரைச் சுற்றோடு நிறுத்தி இரட்டித்துக்கொள்ளலாம். மெதுவாக ஒருமுறை, வேகமாக ஒருமுறை. இரண்டிலும் மவுஸ் வந்து நிற்கிற இடம் ஒன்றாக இருந்தால் நல்லது.

ஒன்றாக இல்லையென்றால் குறை பெரும்பாலும் விண்டோஸில். 'என்ஹான்ஸ் பாயின்ட்டர் பிரிசிஷன்' என்று ஒரு டிக் இருக்கும். யாரும் போடாமலே போட்டிருக்கும். வேகமாக இழுத்தால் அம்பு கூடுதல் தூரம் போகும்படி செய்கிற ஏற்பாடு. மெயில் பார்க்க வசதி. 2011-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி வந்த பிறகு, பென் டிரைவில் கைமாறிக் கைமாறி வந்த கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6-ஐ இந்த டிக்கோடுதான் எத்தனையோ பேர் பழகினார்கள். புதிய ஆட்டங்கள் பெரும்பாலும் விண்டோஸைத் தாண்டி மவுஸிடமிருந்தே துடிப்பை வாங்கிக்கொள்கின்றன.

*

எல்லாம் பொருத்திய பிறகும் தங்கை மகன் சொன்னான்: "இன்னும் வாலரன்ட் கொஞ்சம் ஸ்பீடாத்தான் இருக்கு மாமா."

அவன் கண் பொய் சொல்லவில்லை. அகலத் திரையில் சிஎஸ் காட்டுகிற பார்வைக் கோணம் சுமார் 106 பாகை, வாலரன்டில் 103. மூன்று பாகைதான் என்றாலும், திரையின் நடுவில் இருக்கும் ஒரு தலை வாலரன்டில் ஏறத்தாழ 6 சதவீதம் பெரிதாகத் தெரியும். கை அதே அளவு நகர, ஆள் அதே அளவு திரும்ப, படம் மட்டும் 6 சதவீதம் கூடுதலாக ஓடும். கைக்குச் சரியாக வைத்தால் கண்ணுக்குச் சற்றே பிசகும். கண்ணுக்குச் சரிக்கட்டினால் சுற்றின் தூரம் மாறும். இரண்டையும் சேர்த்துப் பொருத்தக் கணக்கில் வழியில்லை.

நான் கையின் பக்கம். பின்னால் காலடி கேட்டுத் திரும்புகிறபோது கண்ணுக்கு வேலையே இல்லை, கை தனியாகத்தான் போகிறது. அந்தத் தூரம் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறினால் தோள் குழம்பும். 6 சதவீதத்தைக் கண் தானே பழகிக்கொள்ளும்.

ஸ்கோப்பில் மட்டும் கண்ணுக்கு விட்டுக்கொடுக்கிறேன். அங்கே யாரும் சுற்றித் திரும்புவதில்லை. சிஎஸ்ஸில் ஏடபிள்யூபி என்ற ஸ்னைப்பர் துப்பாக்கியின் முதல் ஜூமில், பழைய 4:3 திரைக் கணக்கில், கோணம் 90-லிருந்து 40-க்குச் சுருங்குகிறது. ஆட்டம் வேகத்தையும் 90-க்கு 40 என்று குறைக்கிறது, அதாவது 0.444. ஆனால் படம் பெரிதாவது கோணத்தின் விகிதத்தில் இல்லை, பாதிக் கோணத்தின் டேன்ஜென்ட் விகிதத்தில். அது 0.364. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 0.819. ஜூம் சென்சிட்டிவிட்டியில் பலர் ஏன் என்று தெரியாமல் வைத்திருக்கும் 0.82 இதுதான். பத்தாம் வகுப்புத் திரிகோணமிதி.

*

ஆக, 800 டிபிஐ-யில் சிஎஸ்ஸில் 1 வைத்து ஆடுகிறவர்களுக்கு: வாலரன்டில் 0.314, ஓவர்வாட்ச்சில் 3.33, ஏபெக்ஸில் அதே 1, ஏடபிள்யூபி ஜூமுக்கு 0.82. விண்டோஸ் டிக்கை எடுத்துவிடுங்கள். வேறு எண் வைத்திருப்பவர்கள், ஜூமின் 0.82 தவிர மற்றவற்றை அதே மடங்கில் பெருக்கிக்கொள்ளுங்கள். ஸ்கேலால் ஒருமுறை சரிபாருங்கள். பிறகு நாலு ரவுண்டு தோற்றாலும் ஒரு மாதத்துக்கு அந்த ஸ்லைடரைத் தொடாதீர்கள்.