கடன் என்ற சொல்

கடன்களை மன்னிக்கக் கேட்கும் மத்தேயு 6:12-ஐ நான் முதலில் படித்தது பி.ஏ. வகுப்பில். உருவகம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்த பிறகுதான் அது அவ்வளவு சௌகரியமான உருவகமல்ல என்று பட்டது.

இயேசு பேசிய அரமேயத்தில் 'ஹோபா' என்ற ஒரே சொல் கடனையும் குறிக்கும், பாவத்தையும் குறிக்கும். மத்தேயுவின் கிரேக்கம் கடனை வைத்துக்கொண்டது. லூக்கா (11:4) பாவம் என்கிறார். ஆனால் அதே வசனத்தின் மறுபாதியில் கடன்பட்டவன் அப்படியே நிற்கிறான். பிளந்த சொல்லின் தழும்பு இது. பாவத்தை மட்டும் படிக்கும் பக்தர்களும், வட்டிக்கணக்கை மட்டும் படிக்கும் நம் முற்போக்கு நண்பர்களும் ஆளுக்கொரு பாதியோடு திருப்தியடைந்து விடுகிறார்கள்.

கேட்டவர்களுக்குக் கடன் ஸ்தூலமான விஷயம். ஏழு வருஷத்துக்கொருமுறை அதை விட்டுவிடச் சொல்கிறது உபாகமம் 15. அந்த விடுதலைக்குப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு இட்ட பெயர் 'அஃபெசிஸ்'. மத்தேயுவின் வினையும் அதே வேர்தான். மன்னிப்பு என்பதைவிட, பிடியை விடுவது. ஆனால் ஏழாம் வருஷம் நெருங்க நெருங்க, கடன் கொடுக்க ஆளில்லை. ஆகவே இயேசுவுக்கு ஒரு தலைமுறை முந்திய ஹில்லேல், 'ப்ரோஸ்புல்' என்ற பத்திரத்தை ஏற்படுத்தினார் என்கிறது மிஷ்னா. கடனை நீதிமன்றத்தின் பொறுப்பில் விட்டுவிட்டால் ஏழாம் வருஷம் அதைத் தொடாது. ஹில்லேல் ஈவிரக்கமற்றவரல்ல, ஏழைக்குக் கடன் கிடைக்கவேண்டுமென்றே செய்தார். கி.பி. 66-ல் எருசலேம் ஆவணக் காப்பகத்தைக் கலகக்காரர்கள் கொளுத்தினார்கள். கடன் பத்திரங்களை அழிக்கத்தான் என்கிறார் ஜொசிபஸ்.

என்னை நிஜமாகச் சங்கடப்படுத்துவது வினையின் காலம். லூக்காவில் நிகழ்காலம். மத்தேயுவின் பழம்பிரதிகளிலோ இறந்தகாலம்: நாங்கள் ஏற்கெனவே விட்டுவிட்டோம். அதைச் செய்து முடித்துவிட்டு வந்தவன்தான் வாயைத் திறக்கலாம்.

வசூலாகாத கடனை நாங்கள் கணக்கிலிருந்து நீக்குவதுண்டு. அது தள்ளுபடி அல்ல. ஏட்டில்தான் நீக்கம், பாக்கி அப்படியே இருக்கும், நோட்டீஸும் போகும். போன மாதம் ஒரு கிழவர், தன் கடன் நீக்கப்பட்டதாக யாரோ சொல்லக் கேட்டு, நன்றி சொல்ல வந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். வித்தியாசத்தை விளக்கினேன். என் பக்கம் நியாயம் இருந்தது, ஹில்லேலின் நியாயம். அவர் பாக்கி எவ்வளவு என்று கேட்டார். வட்டியோடு சேர்த்துச் சொன்னேன்.