தடைக்காலத்தில் பிள்ளைகளோடு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடைக்காலம். பாம்பனிலும் ராமேஸ்வரத்திலும் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் லீவு. வருமானம் இல்லையே என்ற கவலை நியாயம்தான். ஆனால் மற்ற மாதங்களில், கடலுக்குப் போய் வந்த அத்தா தூங்கும் நேரத்தில்தானே பிள்ளை விளையாடுகிறது?

காலையில் மக்தபுக்கு அனுப்புகிறோம், சரி. மாலையிலும் ஓது, படி என்று அதட்டினால் பிள்ளை எப்போது சிரிப்பது? மனைவி மக்களோடு இருக்கும்போது மறுமை நினைவு குறைகிறதே, நான் முனாஃபிக் ஆகிவிட்டேனோ என்று ஹன்ழலா (ரலி) பதறினார்கள். அதற்கொரு நேரம், இதற்கொரு நேரம் என்று நபி (ஸல்) அவர்கள் தேற்றியது ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது.

வலையைச் சரிசெய்யும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். செல்போனைக் கொடுத்து ஓரங்கட்டாதீர்கள். அஸர் தொழுதுவிட்டுக் கரைக்குக் கூட்டிப் போங்கள். கையை மட்டும் விடாதீர்கள். மஃரிப் பாங்குக்குள் இருவருமாகப் பள்ளிக்கு வந்துவிடுங்கள்.