காண்பதும் கொள்வதும்: கோதையாற்றங்கரைப் படங்களை முன்வைத்து

ஓர் ஊரின் படத்தைப் பார்த்தவர் அந்த ஊரைக் கண்டவர் ஆவாரா? கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஆற்றையும் மலையையும் நகரத்தையும் படமெடுத்து அனுப்பும் காலத்தில் இது சிறிய கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் காண்பது எது, காண்பவர் யார், கண்டதை வைத்துக்கொள்ள முடியுமா என்பவை தமிழகத்துச் சமயங்கள் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக வாதாடிய கேள்விகள். அவற்றை நிலத்தில் வைத்துப் பார்க்கக் கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் வாய்ப்பான ஊர். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது அது. ஒரு மணி நேரப் பயணத்துக்குள் கோதையாற்றின் திற்பரப்பு அருவி, திருநந்திக்கரைக் குடைவரை, சிதறால் சமணக் குன்று, திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில், மாத்தூர் தொட்டிப்பாலம் எல்லாம் வந்துவிடும். சற்று மேற்கே போனால் கேரள எல்லை.

சைவ சித்தாந்த நூலான அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் அளவையில் தொடங்குகிறது. ஒன்றை அறிந்தோம் என்று சொல்ல எது ஆதாரம் என்பதே முதலில் தீர வேண்டிய வழக்கு. காண்டல், கருதல், உரை ஆகிய மூன்றில் மற்ற அளவைகள் அடங்கும் என்பது சைவ சித்தாந்தத்தின் முடிவு. புகைப்படம் இந்த மூன்றில் எது? காண்டல் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். திற்பரப்பு அருவியின் படங்கள் அதை மறுக்கின்றன. வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் ஒளியை உள்ளே விட்டால் ஒவ்வொரு துளியும் அந்தரத்தில் தனித்து நிற்கும். அரை வினாடி விட்டால் அதே நீர் பால் வழிவது போலப் பாறைமேல் படிந்திருக்கும். கரையில் நிற்பவர் கண்ணுக்கு அருவி இந்த இரண்டு விதமாகவும் தெரிவதில்லை. விழுந்துகொண்டே இருப்பதாகத்தான் தெரியும். படத்தில் அந்த விழுதல் இல்லை. விழுந்ததன் தடம் இருக்கிறது. புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று துணிவது கருதல் அளவை. படத்தைப் பார்த்து அங்கே அருவி உண்டென்று துணிவதும் அவ்வகைதான்.

கருதலும் தனியே நிற்காது, அதற்கு உரையின், அதாவது நம்பத்தக்கவர் சொல்லின், துணை வேண்டும் என்பதை எல்லைப்புறப் படங்கள் காட்டுகின்றன. ஓட்டு வீடு, ரப்பர் மரம், செம்மண் சரிவு, தென்னை சாய்ந்த ஆற்றங்கரை. இவை உள்ள படம் குலசேகரத்தில் எடுத்ததா எல்லைக்கு அப்பால் நெய்யாற்றின்கரையில் எடுத்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாறு அந்தப் பக்கம் நின்றது. நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் வழியே விளவங்கோடு வயல்களுக்கு வந்த தண்ணீர் 2004 முதல் நின்றுபோனது. அணையின் நீர்ப்பரப்பையும் பின்னால் உள்ள மலைகளையும் எடுக்கும் அழகான படத்தில் வறண்ட கால்வாய் வராது. அதைச் சேர்க்காதது படமெடுத்தவரின் குற்றம் ஆகாது. படச்சட்டத்துக்குள் அத்தனையும் அடங்காது. ஆனால் இந்த அழகே நெய்யாறு என்று சொல்லும்போது தவறு நேர்கிறது.

இந்தத் தவறை மிக நுட்பமாக ஆராய்ந்தவர்கள் சமணர்கள். சிதறாலின் பழைய பெயர் திருச்சாரணத்துமலை. பாறைக்கடியில் இயற்கையாக அமைந்த குகைத்தளம், தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள், 9ஆம் நூற்றாண்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஆகியவை அங்கே உள்ளன. அரட்டநேமி பட்டாரரின் மாணாக்கியான குணந்தாங்கி குரத்தியார் பொன் அணி அளித்த செய்தியை அந்தக் கல்வெட்டு சொல்கிறது. பிற்காலத்தில் அந்த இடம் பகவதி கோயிலும் ஆனது. இன்று குன்றின் உச்சிக்கு வருபவர்களில் பலர் கீழே தெரியும் ஆற்றையும் தென்னந்தோப்புகளையும் படமெடுக்க வருகிறார்கள். அவர்கள் நிற்கும் இடத்தில் வாழ்ந்த துறவிகளின் சமயம், எந்தப் பொருளுக்கும் பக்கங்கள் எண்ணற்றவை, ஒரு நிலையில் நின்று சொல்வது அந்த நிலைக்கு மட்டும் உண்மை, ஆகவே ஒவ்வொரு கூற்றோடும் 'ஒரு வகையில்' என்று சேர்த்தே சொல்ல வேண்டும் என்று கற்பித்தது. அநேகாந்தவாதம் என்ற அந்தக் கொள்கைக்குப் புகைப்படத்தைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. படம் எடுக்கும்போதே நிற்கும் இடம், திசை, வேளை, விளிம்பு எல்லாம் தீர்மானமாகிவிடுகின்றன. தன் விளிம்பை மறைக்காத படம் நேர்மையான படம். மறுபுறம், தீர்த்தங்கரர் அறமுரைக்கும் சமவசரணத்தில் அவர் முகம் நான்கு திசையில் உள்ளவர்க்கும் தெரியும் என்பது சமண மரபு. எல்லாப் பக்கமும் ஒருங்கே காட்டுவது மனிதக் கண்ணின் வேலை அன்று என்பதை அந்த மரபு ஒப்புக்கொண்டிருக்கிறது.

சமணத்தின் இன்னொரு நோன்பான அபரிக்கிரகம், பொருளைச் சேர்த்து வைக்காமை, இதைவிடக் கடுமையாகக் கேட்கிறது. படம் பொருளா? எடையில்லை, இடம் அடைப்பதில்லை, யாரிடமிருந்தும் எதுவும் குறைவதில்லை. ஆனாலும் 'எடுத்தாயிற்று' என்ற நிறைவு வந்தவுடன் கண் அந்த இடத்தை விட்டுப் போய்விடுகிறது. பற்று பொருளில் இல்லை, கொண்டோம் என்ற எண்ணத்தில் இருக்கிறது என்று துறவிகள் சொன்னதை ஒரு சுற்றுலாப் பேருந்தின் அரைமணி நேர நிறுத்தம் மெய்யாக்கிவிடுகிறது.

இதற்கு எதிர்வாதம் இந்த மண்ணிலேயே உண்டு. மாசி மாதச் சிவராத்திரியையொட்டி நடக்கும் சிவாலய ஓட்டத்தில் பக்தர்கள் முன்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவன் கோயில்களைத் தொடர்ந்து ஓடியும் நடந்தும் தரிசிக்கிறார்கள். திற்பரப்பு மூன்றாவது, திருநந்திக்கரை நான்காவது. காவி உடுத்து, கையில் பனையோலை விசிறியோடு, சிவன் கோயிலுக்கு 'கோவிந்தா கோபாலா' என்று அழைத்துக்கொண்டே போகிறவர்கள் ஒவ்வொரு சன்னதியிலும் நிற்பது சிறிது நேரமே. ஆகவே காட்சியின் ஆழத்தை நேரத்தால் அளக்க முடியாது. விரதமும் ஈர உடையும் தேய்ந்த காலும் அந்தச் சிறு பொழுதுக்கு முன்னே சேர்ந்திருக்கின்றன. படமெடுப்பவரும் அப்படி ஆயத்தத்தோடு வரலாம். விடியலுக்காக ஆற்றங்கரையில் காத்திருப்பவர் பலர் அப்படித்தான் வருகிறார்கள்.

கேள்வியின் மையம் காண்பவரிடம் மட்டும் இல்லை. கண் தானே காணாது, உயிர் உடனிருந்து காட்ட வேண்டும். உயிரும் தானே அறியாது, இறைவன் காட்டியும் உடன் கண்டும் உதவ வேண்டும் என்கிறது சிவஞானபோத மரபு. காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று இதைப் பிரித்துச் சொல்வார்கள். இதன்படி காட்சி என்பது எடுத்துக்கொள்வது அன்று, காட்டப்படுவது. கோயில் கட்டுமானமே இந்தக் கருத்தின்மேல் நிற்கிறது. திருவட்டாற்றில் ஏறத்தாழ 22 அடி நீளத்தில் பள்ளிகொண்ட ஆதிகேசவரை மூன்று வாயில்கள் வழியே பார்க்க வேண்டும். முழு உருவத்தை ஒரே பார்வையில் கொள்ள இயலாது. விளக்கொளி எட்டும் அளவே தெரியும். அர்ச்சகர் தீபம் காட்டும்போது இன்னும் கொஞ்சம். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்கச் சொன்னபோது கோயிலின் புனிதம் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் தெய்வத்தின் படமே கூடாது என்பது மரபின் கருத்தாக இருக்க முடியாது. இதே திருவிதாங்கூரின் கிளிமானூரில் பிறந்த ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியபின் லட்சுமியும் சரஸ்வதியும் எண்ணற்ற வீடுகளின் பூசையறைக்குள் காகிதத்தில் வந்தார்கள். வணங்குவதற்காகக் காட்டப்படும் படம் வேறு, காட்டாததை எட்டிப் பிடிக்கும் படம் வேறு.

இந்த வேறுபாடு தெய்வத்தோடு நிற்பதில்லை. திற்பரப்பில் குளிப்பவர்கள் அருவியின் பகுதியாகப் படத்தில் வந்துவிடுகிறார்கள். ஈரச் சேலையோடு நிற்கும் பெண் தன்னை யாருக்கும் காட்டவில்லை. கருவறைக்குப் பொருந்தும் நியாயம் அவருக்கும் முழுமையாகப் பொருந்தும்; இசைவு இல்லாமல் எடுத்த படம் எவ்வளவு அழகானாலும் அது பறித்தது.

கோபுரங்கள் இதற்கு மறுகோடி. அவை தூரத்திலிருந்து காண்பதற்கென்றே எழுந்தவை. கல்குளம் பகுதிக் கோயில்கள் மலையாள மரபில் தாழ்ந்த ஓட்டுக் கூரையோடு இருக்க, சுசீந்திரத்தின் ஏழுநிலைக் கோபுரம் வயல்வெளிக்கு மேலே வெகுதொலைவுக்குத் தெரியும். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்ற சொல்லுக்கு இனிய பக்கமும் உண்டு, கொடிய பக்கமும் உண்டு. திருவிதாங்கூரின் சித்திரைத் திருநாள் மகாராஜா 1936 நவம்பர் 12 அன்று ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிடும்வரை, சாதியின் பேரால் விலக்கப்பட்ட இந்த மாவட்டத்தின் பெருந்தொகையான மக்கள் கோயிலை வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது. அவர்களுக்குத் தூரக்காட்சி தேர்ந்துகொண்ட கோணம் அன்று, விதிக்கப்பட்ட எல்லை. வானத்தின் பின்னணியில் கோபுரத்தை எடுக்கும் இன்றைய படத்தில் அந்த எல்லை தெரியாது. நகர வானக்கோடும் இப்படித்தான். சிங்கப்பூரில் 1827இல் தோன்றிய மாரியம்மன் கோயிலின் கோபுரத்தை உயர்ந்த கட்டடங்களோடு சேர்த்து எடுப்பவர்கள் உயரங்களை ஒப்பிட்டு மகிழ்கிறார்கள். அந்தக் கோயிலில் முதலில் அடைக்கலம் தேடியவர்கள் கப்பலில் வந்த கூலிகளும் வணிகர்களும் என்பது அந்த வானக்கோட்டில் இல்லை. கன்னியாகுமரியில் 2000 ஜனவரி 1 அன்று திறந்த வள்ளுவர் சிலை 133 அடி. பீடத்தின் 38 அடி அறத்துப்பாலின் அதிகாரங்களையும், சிலையின் 95 அடி பொருளையும் இன்பத்தையும் குறிக்கின்றன. படத்துக்கு அது உயரம் மட்டுமே. உரை கேட்டவருக்கே அது நூல்.

காட்டுவதற்கென்று எடுத்த படங்களும் உண்டு. லின்னேயஸ் டிரைப் 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். சுவரைச் சுற்றி நடக்க முடியாதவரும் எழுத்தைப் பின்தொடரலாம். திருநந்திக்கரைக் குடைவரைக்கு அப்படிப்பட்ட பணி இன்னும் தேவை. ராஜராஜன் பிறந்த ஐப்பசிச் சதயத்தையொட்டி விழாவும் ஆற்றில் இறைவனுக்கு நீராட்டும் நடக்க அவன் காலத்தில் முட்டம் ஊரின் வருவாய் விடப்பட்டதைச் சொல்லும் கல்வெட்டு அங்கே இருக்கிறது. சுவரில் இருந்த ஓவியங்களில் கோடுகள் சில மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அவற்றை எடுப்பவர் ஃபிளாஷ் ஒளி பாய்ச்சாமல், அளவுகோலை அருகே வைத்து, நாளையும் சுவரின் திசையையும் குறித்து எடுத்தால், அடுத்த தலைமுறை அந்தக் கோடுகள் எவ்வளவு மங்கின என்று கணக்கிட முடியும்.