குறையுள்ளதை நிறைவெனக் கூறாமை



பொய்யாமை, கள்ளாமை ஆகிய அணுவிரதங்களைக் கடைவீதி வணிகர்க்கே உரியவை எனச் சிலர் கருதுகின்றனர். இன்றோ நாம் அனைவரும் வணிகராகி விட்டோம். பிள்ளைகள் விளையாடி முடித்த பொம்மைகளை இணையத்தின் வழியே விற்கின்றோம். தேவையற்றதை விடுதல் மிகுபொருள் விரும்பாமைக்குத் துணையே. ஆயினும், ஒரு விரதத்தைப் பேணப் புகுந்து மற்றிரண்டை இழத்தல் தகுமோ?

டென்மார்க் நாட்டுப் பில்லுண்டில் 1932ஆம் ஆண்டு தோன்றிய லெகோ நிறுவனத்தின் கட்டுமானப் பொம்மைகளை எடுத்துக்கொள்வோம். 1958இல் வகுக்கப்பெற்ற இணைப்பு முறையே இன்றும் தொடர்வதால், பழைய துண்டும் புதிய துண்டும் ஒன்றோடொன்று பொருந்தும். ஆதலின் பல பெட்டிகளின் துண்டுகள் ஒரே கூடையில் கலந்துவிடுகின்றன. அவற்றை அள்ளிப் பையிலிட்டு, "முழுமையானது" என்று எழுதிவிடுகின்றோம். எண்ணிப் பார்த்தோமா? இல்லை.

"பொய்யுரைக்கும் எண்ணம் எமக்கில்லையே" எனலாம். நம் ஆசாரியர்கள் பொய்க்கும் களவுக்கும் வேராகப் பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையைக் காட்டுவர். அறியாமை வேறு, அறிய முயலாமலே அறிந்தவர்போல் உறுதி கூறுதல் வேறு. பின்னது குற்றமே.

தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமிகள் கள்ளாமை விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகின்றார். அளவில் குறைத்துக் கொடுத்து மிகுத்துக் கொள்ளுதல் அவற்றுள் ஒன்று. போலியை மெய்ப்பொருளாகக் காட்டி விற்றல் மற்றொன்று. காணாமற்போன துண்டிற்கு ஈடாக வேறொருவர் செய்த போலித் துண்டைச் செருகி, அதனை மறைத்தல் இவ்வதிசாரமன்றோ? எல்லாத் துண்டும் பெற்றபின், "இரண்டு குறைகின்றன" என்று பணத்தைத் திரும்பக் கேட்கும் வாங்குவோர்க்கும் இதே பழி உண்டு.

செய்யத்தக்கது எளிது. பல பெட்டிகளின் விளக்கப் புத்தகத்திலேயே துண்டுகளின் பட்டியல் அச்சிடப்பட்டுள்ளது. அதனோடு ஒப்பிட்டு எண்ணுவோம். "நான்கு துண்டுகள் இல்லை, ஒரு பொம்மை மனிதனின் தொப்பி இல்லை, கருப்பிற்குப் பதில் சாம்பல் நிறத் துண்டு இரண்டு உள்ளன, வெள்ளைத் துண்டுகள் மஞ்சளித்துள்ளன, பெட்டி இல்லை" என உள்ளவாறு எழுதுவோம். எடை சரியாக இருப்பதால் மட்டும் எண்ணிக்கை சரியாகிவிடாது. எண்ண நேரமில்லையெனில், "எண்ணவில்லை" என்று எழுதுவதும் வாய்மையே.

விலை சில நூறு ரூபாய் குறையலாம். குறையட்டும். பல மணி நேரம் அடுக்கிய குழந்தை, இறுதித் துண்டைத் தேடிக் காணாது பெற்றோரின் முகத்தைப் பார்க்கும் அந்நேரத்தில், முகமறியா ஒருவரின் சொல்லில் அது கொண்ட நம்பிக்கை உடைகின்றது. நமக்கோ இழப்பு இன்னும் பெரிது. மாயை என்னும் வஞ்சம் விலங்குகதிக்குக் காரணம் என்று ஆகமம் எச்சரிக்கின்றது. வாங்குவோர் அறியாவிடினும் வினை நம்மைப் பற்றாது விடுமோ?

தசலட்சண நாள்களில் உத்தம ஆர்ஜவத்தைப் போற்றுகின்றோம். மனமும் மொழியும் செயலும் ஒன்றாக நிற்பதே ஆர்ஜவம். அதனை ஆலயத்தில் பூசித்தபின், வீட்டிற்கு வந்து நாம் எழுதும் விற்பனைக் குறிப்பிலும் காப்போமாக.

அறம் வளர்க!