நாலாம் இடத்துப் பாட்டு

2002ஆம் ஆண்டில் பிபிசி உலக சேவை தன் எழுபதாண்டு நிறைவையொட்டி நேயர்களிடம் ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. உலகத்திலேயே சிறந்த பாட்டு எது? நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வாக்குகள் வந்தன. ராக் இசையின் சிகரங்களில் ஒன்றாகச் சொல்லப்படும் குவீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்சொடி’ பத்தாம் இடத்தில் இருந்தது. ‘தளபதி’ படத்தின் ‘ராக்கம்மா கையத் தட்டு’ நான்காம் இடத்தில்.

இந்தச் செய்தியைச் சொன்னால் நம்மிடையே இரண்டு குரல்கள் எழும். ‘பாத்தீங்களா, ராஜா யாருன்னு?’ என்பது ஒன்று. ‘இதெல்லாம் ஓட்டுப் போட்டு முடிவு பண்ற சமாச்சாரமா?’ என்பது மற்றொன்று. இரண்டாவது ஆளிடம் ‘சரிங்க, அப்ப எப்படி முடிவு பண்றது?’ என்று கேட்டால் பேச்சு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். ஒரு பாட்டை ஆகச் சிறந்தது என்று சொல்லும்போது நாம் உண்மையில் என்ன சொல்கிறோம்?

அந்தப் பட்டியலின் தலைப்பகுதியைப் பார்ப்போம். முதலிடம் அயர்லாந்தின் ‘எ நேஷன் ஒன்ஸ் அகெய்ன்’, 19ஆம் நூற்றாண்டில் தாமஸ் டேவிஸ் எழுதியது. இரண்டாமிடம் 1952இல் வந்த ‘ஆனந்த மட்’ இந்திப் படத்தின் ‘வந்தே மாதரம்’. மூன்றாமிடம் வைட்டல் சைன்ஸ் குழுவின் ‘தில் தில் பாகிஸ்தான்’. மூன்றுமே தேசத்தைப் பாடுபவை. கேட்ட கேள்வி சிறந்த பாட்டு எது என்பது. பலர் பதில் சொன்ன கேள்வி ‘நாங்க யாரு’ என்பது. ‘ராக்கம்மா’வுக்கு விழுந்த ஓட்டுகளிலும் அந்தப் பெருமிதம் கொஞ்சம் கலந்திருக்கத்தான் செய்யும். அதில் தப்பில்லை. ஆனால் அது பாட்டைப் பற்றிய தீர்ப்பு ஆகாது.

சரி, விஷயம் தெரிந்தவர்களிடம் விட்டுவிடலாமா? அமெரிக்காவின் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் 2004இல் இசைக்கலைஞர்கள், விமர்சகர்களிடம் கேட்டு 500 பாடல்களை வரிசைப்படுத்தியது. முதலிடம் பாப் டிலனின் ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’. 2021இல் புதிதாக வாக்கெடுத்தபோது அரேதா ஃபிராங்க்ளின் பாடிய ‘ரெஸ்பெக்ட்’ முதலிடத்துக்கு வந்தது. டிலன் நான்காவது இடத்துக்கு இறங்கினார். இடைப்பட்ட 17 ஆண்டுகளில் இரண்டு ஒலிப்பதிவுகளிலும் ஒரு சுரம்கூட மாறவில்லை. மாறியது யாரையெல்லாம் கேட்டார்கள் என்பதும், அவர்கள் வாழ்ந்த காலமும்தான்.

என் தொழிலில் வரிசைப்படுத்துவது தினசரி வேலை. எதை வரிசைப்படுத்தவும் இரண்டு பொருட்களை ஒப்பிடும் விதி ஒன்று வேண்டும். அ ஆவைவிடப் பெரிது, ஆ இயைவிடப் பெரிது என்றால், அ இயைவிடப் பெரிதாக இருந்தே ஆகவேண்டும். இல்லையென்றால் நிரல் தரும் வரிசைக்கு அர்த்தமில்லை. மூன்று நண்பர்கள் மூன்று பாட்டுகளை வரிசைப்படுத்தட்டும். ஒருவர் அ, ஆ, இ என்கிறார். அடுத்தவர் ஆ, இ, அ. மூன்றாமவர் இ, அ, ஆ. இப்போது பெரும்பான்மைக்கு ஆவைவிட அ பிடிக்கும், இயைவிட ஆ பிடிக்கும், அவைவிட இ பிடிக்கும்! நாய் தன் வாலைத் துரத்தும் கதை. 18ஆம் நூற்றாண்டிலேயே கொந்தோர்செ இதைக் கண்டார். மூன்றோ அதற்கு மேலோ தேர்வுகள் இருந்தால், நியாயமான சில நிபந்தனைகளை ஒருசேர நிறைவேற்றும் கூட்டுவரிசை முறை எதுவும் இருக்க முடியாது என்று 1951இல் கென்னத் ஆரோ நிறுவினார். ஆக, பட்டியல் என்ற வடிவமே இந்தக் கேள்வியைத் தாங்காது.

ஆனால் கணக்கைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. குரும்பலூரில் திருவிழா மைக் செட்டில் ராஜா பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்ஜினியரிங் கல்லூரி விடுதிக்குப் போனால் அங்கே பிங்க் ஃபிளாய்டும் மெட்டாலிகாவும் ஓடும். ‘ராக் கேட்டிருக்கியா மச்சி? நீ கேக்கறதெல்லாம் குத்துடா’ என்பான் ஒருவன். அந்த இரவுச் சண்டைகளில் பாட்டு ஒரு சாக்குதான். வரிசையில் நிற்பது ஆட்கள்: யாருக்கு இங்கிலீஷ் வரும், யார் எந்தப் பள்ளியில் படித்தவர். எங்கள் பக்கத்து ஊர்களிலேயும் இதன் இன்னொரு வடிவம் உண்டு. பறையைச் ‘சாவு மேளம்’ என்று தள்ளிவைக்கும் காது, நகரத்து மேடையில் அதே அடியைக் கேட்டால் கைதட்டும். 2018 ஜனவரியில் சென்னையில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு கானாவையும் ராக்கையும் ராப்பையும் ஒரே மேடையில் நிறுத்தியபோது, எது இசை என்று தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வியும் கூடவே ஏறி நின்றது.

அதற்காக ‘அவரவர் ரசனை அவரவருக்கு’ என்று எழுந்துபோய்விடவும் முடியாது. டேவிட் ஹியூம் 1757இல் ரசனையின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரையில் ‘டான் கிஹோத்தே’ நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்தாள்கிறார். இருவர் ஒரே திராட்சை மதுவைச் சுவைக்கிறார்கள். நல்ல மதுதான், ஆனால் தோல் வாடை லேசாக அடிக்கிறது என்கிறார் ஒருவர். இரும்பு வாடை என்கிறார் மற்றவர். ஊரே சிரிக்கிறது. பீப்பாய் காலியானபோது அடியில் தோல்வாரில் கட்டிய ஒரு சாவி கிடக்கிறது. பழகிய நாக்கு என்று ஒன்று உண்டு. பழகிய காதும் உண்டு. ஆனால் அந்தக் காதுக்கு ஹியூம் போடும் நிபந்தனைகளில் முன்முடிவு இல்லாமல் இருப்பதும் ஒன்று. விடுதித் தோழனும் ஊர்ப் பெரியவரும் தோற்பது இங்கேதான்.

‘எனக்குப் பிடிக்கும்’ என்பதற்கும் ‘இது அழகு’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை 1790இல் காண்ட் சுட்டினார். முதலாவது என்னோடு முடிந்துவிடும். இரண்டாவதைச் சொல்லும்போது நீங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கோருகிறேன், நிரூபிக்க வழியில்லாதபோதும். ‘ஆகச் சிறந்த பாட்டு’ என்பதும் அப்படி ஒரு கோரிக்கைதான் என்று நினைக்கிறேன். கோரிக்கை வைப்பவருக்குக் கடமை உண்டு: உட்கார வைத்து, எங்கே எதைக் கேட்க வேண்டும் என்று காட்டுவது. அவர் கொண்டுவரும் பாட்டுக்கும் அதே காதைக் கொடுப்பது.

என்னைக் கேட்டால் ‘ராக்கம்மா’வைத்தான் சொல்வேன், காரணமும் சொல்கிறேன். ஊரே ஆடும் பாட்டு அது. எஸ்.பி.பி.யும் ஸ்வர்ணலதாவும் அந்த ஆட்டத்தைத் தூக்கிப்பிடிக்கிறார்கள். நடுவில் பெண்குரல்களில் அப்பரின் தேவாரம் ஒன்று நுழைகிறது; 7ஆம் நூற்றாண்டில் தில்லையில் ஆடுபவனைப் பாடியது. கோயிலில் அமைதியாக நின்று கேட்க வேண்டியது குத்தாட்டத்துக்குள் வருகிறது, ஒட்டுப் போட்டது தெரியவில்லை. இங்கேயும் ஆட்டம், அங்கேயும் ஆட்டம். தேவாரம் என்று பெயர் தெரியாத பையனும் அந்த இடத்தில் ஒரு கணம் நிதானிக்கிறான்.

அதே காதோடு ‘பொஹீமியன் ராப்சொடி’யைக் கேட்கிறேன். 1975இல் வந்தது. ஏறத்தாழ ஆறு நிமிடம்; திரும்பத் திரும்ப வரும் பல்லவி கிடையாது. வானொலிக்கு இது நீளம் என்று இசைத்தட்டு நிறுவனமே தயங்கியது. மெல்லிய பியானோ, நடுவில் ஓப்பரா, பிறகு கிடாரின் இடி. சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் பிறந்து பஞ்ச்கனியில் பள்ளிப்படிப்புப் படித்த ஃபிரெடி மெர்குரி, சேரக்கூடாதவை என்று நினைத்தவற்றை ஒரே பாட்டுக்குள் உட்கார வைக்கிறார். ராஜா செய்ததும் அதைத்தான். நாலுக்கும் பத்துக்கும் இடையே இருந்த தூரம் எனக்கு இங்கே காணாமல் போகிறது.

ஏற்கெனவே இருக்கிற ரசனைக்குத் தீனி போடும் பாட்டுகள் ஏராளம், அவையும் வேண்டும். சில பாட்டுகள் மட்டும் தங்களைக் கேட்பதற்கான காதைத் தாங்களே உண்டாக்கித் தருகின்றன. அந்தக் காது கிடைத்தபின் அடுத்தவர் பாட்டும் கேட்கத் தொடங்குகிறது. ‘ராக்கம்மா’ எனக்கு அதைச் செய்தது. உங்களுக்கு எந்தப் பாட்டு செய்தது, எந்த இடத்தில் என்று சொல்லுங்கள், கேட்கிறேன்.